அன்லெஸுக்கு ஒரு பூ, அன்டிலுக்கு ஒரு பூ

2023 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை. விடியுமுன் எழுந்தேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். மோட்டாரைப் போட்டு மாடித் தொட்டியை நிரப்பி, வழிவதற்கு முன் நிறுத்தினேன் (எங்கள் தெருவில் வழியாமல் நிறுத்துகிற ஒரே வீடு எங்களுடையது என்பதைப் பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன்). லேப்புக்கு விடுமுறை என்பதால் வெள்ளைக் கோட்டுகளைத் துவைத்து, காலர் சுருங்காதபடி கிளிப் போட்டுக் காயவைத்தேன். வீட்டுக்காரருக்கு இட்லி, எனக்குக் காபி. அதுவரை எல்லாம் முறைப்படிதான் நடந்தது. அதற்குப் பிறகு, ஓர் ஆங்கில வாக்கியத்தின் நடுவில் எந்தச் சொல்லைப் போடுவது என்று முருகனிடம் கேட்டுவருவதற்காக மலைக்குப் புறப்பட்டேன்.

ஒழுங்கானவர்கள் செய்கிற முட்டாள்தனத்தை ஒழுங்கில்லாதவர்களால் செய்யவே முடியாது. அவர்கள் பாதியிலேயே சலித்துப்போய் விட்டுவிடுவார்கள். நாங்கள் கடைசி வரைக்கும் செய்து முடிப்போம்.

என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருத்தணி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேப்பில் டெக்னீஷியன். ரத்தம் எடுக்கும் முன்பே குழாயில் பெயர், வயது எழுதி ஒட்டிவிடுவேன். லேபிள் இல்லாத குழாயை யார் நீட்டினாலும் கையால் தொடமாட்டேன். என் ஆங்கிலம் முழுக்க அந்த லேப் ரிப்போர்ட்டில் கற்றது. அதில் பெயர்ச்சொற்களும் எண்களும் மட்டும்தான் இருக்கும். ஹீமோகுளோபின் இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு, யூரியா இவ்வளவு. ஒன்றை இன்னொன்றோடு சேர்க்கிற சொல் ஒன்றுகூடக் கிடையாது. ‘இருந்தாலும்’, ‘ஆகையால்’, ‘இல்லாவிட்டால்’ இதையெல்லாம் டாக்டர் வாயால் சொல்லிக்கொள்வார். ஆகவே இத்தனை வருஷமும் கன்ஜங்ஷன் என்று ஒன்று இருப்பதையே மறந்து நிம்மதியாக இருந்தேன்.

நிம்மதி போனது என் மகள் பவித்ராவுக்கு வரன் அமைந்ததால்.

பவித்ரா சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். வந்த வரன்களையெல்லாம் ஏதாவது ஒரு காரணம் சொல்லித் தள்ளிக்கொண்டிருந்தவள், நகரியிலிருந்து வந்த ஹரீஷைப் பார்த்ததும் காரணம் சொல்லவில்லை. அதுவும் சென்னையில் வேலை செய்கிற பிள்ளைதான். அவர்கள் வந்து பூ வைத்து நிச்சயம் செய்துவிட்டுப் போன அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ம்மா, எனக்கு இவரைப் புடிச்சிருக்குது. உன்ன ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். நீ எதையாச்சும் சரி பண்றேன்னு போயி கெடுத்து வெச்சிடாத” என்றாள்.

“நான் என்னடி கெடுக்கப் போறேன்?” என்றேன். கேட்டபோது உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை.

நகரி ஆந்திராவில் இருக்கிறது. வெளிமாநிலம் என்று பெயர்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து ஒரு தூக்கம் போடலாமா என்று யோசிப்பதற்குள் வந்துவிடும். ஹரீஷின் அம்மா சுகுணம்மா அந்தப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கண்ணாடி, மணிக்கட்டில் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிய வாட்ச். பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போனது. பூ வைத்த மறுநாளே போன் செய்து (வதினா என்றால் தெலுங்கில் அண்ணி), “வதினா, பேச்சுல விட்டா பேச்சு மாறிப் போயிடும். இனிமே எதுன்னாலும் நாம எழுத்துல வெச்சுக்கலாம்” என்றார். என் ஆயுளில் அவ்வளவு நல்ல வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. மாப்பிள்ளையைப் பார்த்தபோதுகூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

ஒரே ஒரு சிக்கல். எங்கள் பக்கத்தில் எல்லோரையும்போல அவருக்கும் தமிழ், தெலுங்கு இரண்டும் தண்ணீர் பட்ட பாடு, எனக்கும் அப்படித்தான். ஆனால் அவருக்குத் தமிழ் படிக்க வராது, எனக்குத் தெலுங்கு படிக்க வராது. ஆகவே எழுத்து என்று வந்தால் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது ஆங்கிலம்தான். வாட்ஸ்அப்பில் அவர் ஆங்கிலத்தில் அனுப்புவார், நான் ஆங்கிலத்தில் பதில் போடுவேன். முகூர்த்த நாள், மண்டபம், சமையல்காரர் என்று பெயர்ச்சொல்லும் எண்ணுமாக இருந்த வரைக்கும் வண்டி ஓடியது.

பத்திரிகை மாதிரியை அனுப்பும்போதுதான் நின்றது. அதனுடன் மரியாதையாக ஒரு வரி எழுத நினைத்தேன். நீங்கள் சரி சொல்லாமல் அச்சுக்குக் கொடுக்க மாட்டோம் என்ற வரி. தமிழில் ‘சொல்லாமல்’ என்றால் முடிந்தது. ஆங்கிலத்தில் ‘பத்திரிகையை அச்சிட மாட்டோம்’ என்பது வரைக்கும் அடித்துவிட்டேன். அடுத்த சொல் அன்லெஸா, அன்டிலா?

அன்லெஸ் என்று போட்டால், ‘நீங்கள் ஒப்புக்கொண்டால் ஒழிய’. அப்படியானால் அவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்களோ என்று பெண் வீட்டார் சந்தேகப்படுகிறோம் என்றல்லவா ஆகும்? அன்டில் என்று போட்டால், ‘நீங்கள் ஒப்புக்கொள்ளும் வரை’. அப்படியானால் ஒப்புக்கொள்ளாமல் தாமதம் செய்கிறார்கள் என்று குத்திக்காட்டுவதாக ஆகாதா? (ஏற்கெனவே ஒரு வாரமாக அந்தப் பக்கத்திலிருந்து பதில் எதுவும் வரவில்லை.) படிக்கப் போகிறவர் ஹெட்மாஸ்டர். சிவப்புப் பேனாவோடுதான் படிப்பார்.

வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் பெயர் தணிகாசலம். ஊருக்கு வெளியே எங்கள் நிலத்தில் வேர்க்கடலையும் கொஞ்சம் மல்லியும் போட்டிருக்கிறார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, “ரெண்டையும் போட்டுடு. அவங்களுக்கு எது தேவையோ எடுத்துக்கட்டும்” என்றார்.

பவித்ராவுக்குப் போன் போட்டேன். “எதுன்னாலும் ஒண்ணுதாம்மா” என்றாள்.

“ஒண்ணுன்னா எதுக்குடி ரெண்டு வார்த்தை வெச்சுகினு இருக்கான் இங்கிலீஷ்காரன்?”

“ம்மா, எனக்கு மீட்டிங்” என்று வைத்துவிட்டாள்.

எங்கள் லேப் டாக்டரிடம் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்து, ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அவருடைய கையெழுத்தில் அது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்; பாராசிட்டமாலாகவும் இருக்கலாம்.

மனிதர்களைக் கேட்டு முடிந்த பிறகு மீதி இருந்தது மலைமேல் இருக்கிறவர். எங்கள் பக்கத்தில் முடிவெடுக்க முடியாத விஷயத்துக்குப் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இன்னது வந்தால் இன்னது என்று மனசில் வைத்துக்கொண்டு, சாமி முன்னால் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்ல வேண்டும். கிணறு தோண்ட எந்த மூலை என்று கேட்பார்கள், மனையை விற்கலாமா என்று கேட்பார்கள். பெரும்பாலும் கேட்பது, வந்திருக்கிற இரண்டு வரனில் பெண்ணை எந்த வீட்டுக்குக் கொடுப்பது என்று. கன்ஜங்ஷனுக்கு யாரும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வீட்டுப் பூஜை அலமாரி முன்னாலேயே செய்திருக்கலாம். ஆனால் எங்கள் தெருக் குழந்தைகள் எல்லாம் இங்கிலீஷ் மீடியம். ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்து எடுத்துவிடும். பரிசோதனை என்றால் எடுக்கிற கைக்கு எதுவும் தெரிந்திருக்கக் கூடாது. மலைமேல் வெளியூர்க் குழந்தைகள் நிறைய வரும். அதனால் மலை.

நிலத்து மல்லியில் ஒரு கை, வேலியோரத்துச் செவ்வரளியில் ஒரு கை. வாழையிலைத் துண்டில் வைத்து, இரண்டும் ஒரே அளவாக, ஒரே மடிப்பாக, ஒரே மாதிரி நாரால் கட்டினேன். எடையில்கூட வித்தியாசம் தெரியக்கூடாது என்று உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். வீட்டுக்காரர் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பியபடி, “கஸ்தூரி, அப்படியே மழை வருமான்னு ஒரு வார்த்தை கேட்டுடு” என்றார்.

கத்திரி முடிந்துவிட்டது என்று காலண்டர் சொன்னது. மலைக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. பிராகாரத்துக் கல்லில் தண்ணீர் ஊற்றிய நார் விரிப்பு மேல் எல்லோரும் குதித்துக் குதித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். எங்கே பார்த்தாலும் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள், நடுவில் ‘அரோகரா’. சந்நிதியில் பொட்டலத்தைக் கீழே வைக்கலாம் என்று குனிந்தேன். “நகரும்மா, நகரு” என்று ஒரு கை என்னைத் தள்ளிக்கொண்டுபோய் வெளியே விட்டது. சரி, விமானம் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று வெளிப் பிராகாரத்தில் ஒரு தூண் நிழலில் நின்று, கண்ணை மூடி, வாக்கியத்தை முருகனுக்கு ஒருமுறை முழுதாகச் சொன்னேன். அவருக்கு ஆங்கிலம் தெரியுமா என்ற சந்தேகத்தில் தமிழிலும் சொன்னேன்.

கண்ணைத் திறந்தால், எதிரே ஒரு பெண் குழந்தை. மூன்று வயசு இருக்கும். புதுப் பட்டுப் பாவாடை. தலையில் புது மொட்டை. மொட்டையில் ஈரச் சந்தனம்.

“பாப்பா, இங்க வாடி கண்ணு. இதுல ஒண்ணு எடு.”

குழந்தை இரண்டு பொட்டலத்தையும் பார்த்தது. துளியும் யோசிக்காமல் ஒன்றை எடுத்தது. அங்கே இருந்த எல்லோரிலும் முடிவெடுக்கத் தெரிந்த ஒரே ஆள். எடுத்த கையோடு ஓட ஆரம்பித்தது.

“ஏய் பாப்பா! பிரிச்சுக் காட்டிட்டுப் போடி!” என்று நானும் பின்னால் ஓடினேன். என் பின்னால் வீட்டுக்காரர், “ஓடாத கஸ்தூரி, காலு வழுக்கப் போவுது” என்று கத்திக்கொண்டே வந்தார். குழந்தை போய் ஒரு காட்டன் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கஞ்சி போட்ட புடவை. மணிக்கட்டில் உள்பக்கம் திரும்பிய வாட்ச்.

“வதினா! நீங்களா?” என்றார் சுகுணம்மா, முகமெல்லாம் சிரிப்பாக. “என் தங்கச்சி பேத்திக்கு இன்னைக்கு மொட்டை. சட்டுனு முடிவு பண்ணி வந்துட்டோம். உங்க வீட்டுக்கு வரலாம்னு இப்பதான் எங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லிகினு...”

சொல்லிக்கொண்டே குழந்தையின் கையைப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பார்த்தார். இரண்டு கையிலும் ஒரே மாதிரிப் பொட்டலம். சிரிப்பு பாதியில் நின்றது. குழந்தையிடமிருந்து பொட்டலத்தை வாங்கிக் கைக்குள் வைத்துக்கொண்டார்.

“பூக்கட்டிப் பாக்குறீங்களா?”

“ஆங்... சும்மாதான் வதினா.”

“எதுக்கு?”

ஹெட்மாஸ்டரிடம் போய் எனக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? பரீட்சை ஹாலில் மாட்டிக்கொண்டவள் மாதிரி விழித்தேன். “ரெண்டுல எதுன்னு முடிவு பண்ண முடியல வதினா. அதான் சாமிய கேக்கலாம்னு...”

“ரெண்டுலயா?”

இங்கே என் வீட்டுக்காரர் உதவிக்கு வந்தார். அவர் உதவிக்கு வந்த சமயங்களில் இதுதான் பெரிது. “ஆமாம்மா. மூணு நாளா வீட்ல இதே ரோதனை. தூங்க மாட்றா. ரெண்டும் நல்லாத்தான் இருக்குதுன்றா. ஒண்ண முடிவு பண்ணிட்டு உங்களுக்குச் சொல்லலாம்னுதான் இவ்ளோ பாடு.”

“ரெண்டும் நல்லா இருக்குதா?” என்றார் சுகுணம்மா, ரொம்ப மெதுவாக.

அவர் விஷயத்தைப் புரிந்துகொண்டார், எவ்வளவு நிதானமாகக் கேட்கிறார் என்று எனக்குப் பெரிய ஆறுதல். மனசைத் திறந்துவிட்டேன். “ஆமா வதினா. ஒண்ணு கொஞ்சம் கறாரு. சந்தேகப் புத்தி மாதிரி தெரியுது. இன்னொண்ணு நிதானம். ஆனா இழுத்துகினே போவுமோன்னு பயமா இருக்குது.”

“பவித்ராவுக்கு இது தெரியுமா?”

“தெரியுமே. எதுன்னாலும் ஒண்ணுதான்னு சொல்லிட்டா.”

சுகுணம்மாவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது (இருபது வருஷமாக ரத்தம் பார்க்கிறவள், தெரியும்). “மேடம்,” என்றார். வதினா போய் மேடம் வந்துவிட்டதை அப்போதுதான் கவனித்தேன். “மேடம், பூ வெச்சுட்டுப் போன பெறகு எங்க பையன இன்னொருத்தன்கூட நிக்க வெச்சு அளந்து பாக்குறீங்க. அதுவும் சாமி சந்நிதில. எந்த ஊரு பையன் அவன்?”

“பையனா? எந்தப் பையன்?”

“அதத்தான் நானும் கேக்குறேன்.”

பேசியது எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து வேறு அர்த்தத்தில் நின்றது. “அய்யோ வதினா, பையன் இல்லீங்க! வார்த்தை! அன்லெஸ்ஸு, அன்டில்லு! உங்களுக்கு மெசேஜ் எழுதறதுல எந்த வார்த்தையப் போடறதுன்னு...”

சொல்லும்போதே எனக்கே அது நம்பும்படியாக இல்லை. சுகுணம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். “ஹோம்வொர்க் ஏன் எழுதலன்னு பசங்க சொல்ற கதை எல்லாம் கேட்டு கேட்டுத் தலை நரைச்சவ நான். நாய் தின்னுச்சுன்னு சொல்லுவான், ஆத்துல போச்சுன்னு சொல்லுவான். இந்த மாதிரி ஒரு பொய்ய எவனும் சொன்னதில்ல.” போனை எடுத்து மகனுக்குப் போட்டுக்கொண்டே தள்ளிப் போனார். தெலுங்கில் ‘இன்னொரு சம்பந்தம்’ என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. பவித்ரா.

“ம்மா. மலையில எந்தப் பையன்?”

“பையன் இல்லடி. அன்லெஸ், அன்டில்.”

“நைனாகிட்ட போனக் குடு” என்றாள்.

வீட்டுக்காரர் வாங்கி, “ஆமாம்மா. நெஜந்தான். பூதான். ரெண்டு பொட்டலம். ஆங். உங்கம்மாதான்” என்று சொல்லிவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். போனில் பவித்ரா அழுதுகொண்டிருந்தாள். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “உன்ன என்ன கேட்டேம்மா நானு? கெடுத்து வெச்சிடாதன்னு ஒண்ணே ஒண்ணுதான கேட்டேன். ஹரீஷ் என்னன்னே புரியாம கேக்குறாரு, நான் என்னன்னு சொல்லுவேன்?” அதற்கு மேல் பேசாமல் வைத்துவிட்டாள்.

நான் தூணில் சாய்ந்தேன். என் பிள்ளை முதல்முறையாக வாயைத் திறந்து வேண்டும் என்று கேட்டது இது ஒன்றைத்தான். அதை ஒரே ஒரு சொல்லுக்காகத் தொலைத்துவிட்டேனே. கையில் மீதிப் பொட்டலம் வியர்வையில் நசுங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் சுகுணம்மாவின் வீட்டுக்காரர் வெங்கடேசுலு, தொன்னைகளில் புளியோதரையோடு வந்து சேர்ந்தார். குட்டையாக, தொப்பையோடு, எப்போதும் சாப்பாட்டுப் பக்கத்திலிருந்து வருகிற மாதிரி இருப்பார். “பாவா! நீங்களும் வந்திருக்கீங்களா? இந்தாங்க, சூடா இருக்குது” என்று முதலில் என் வீட்டுக்காரர் கையில் ஒரு தொன்னையைக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் எல்லோர் முகத்தையும் பார்த்தார். சுகுணம்மா நடந்ததைச் சொன்னார். அவர் மென்றுகொண்டே கேட்டார். மெல்லுவதை நிறுத்தினார்.

“அம்மா, அது என்ன வாக்கியம்? சொல்லுங்க, கேப்போம்” என்றார் என்னைப் பார்த்து.

நான் வகுப்பில் எழுந்து நிற்கிற பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, பத்திரிகையை அச்சிட மாட்டோம் என்பது வரைக்கும் ஆங்கிலத்தில் ஒப்பித்தேன். நின்றேன்.

“அப்புறம்?”

“அங்கதான் நிக்கிதுங்க.”

சுகுணம்மா எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் உதடு அசைந்தது. பாதியில் நிற்கிற ஒரு வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக அவரால் முடியவில்லை. அன்லெஸ் போட்டு ஒருமுறை, அன்டில் போட்டு ஒருமுறை முணுமுணுத்தார். புருவம் சுருங்கியது.

“அன்லெஸ் போட்டா,” என்று யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னார், “நாங்க ஒத்துக்க மாட்டோமோன்னு நீங்க சந்தேகப்படுற மாதிரி வருது.”

“அதேதான்!” என்று கத்தினேன். பக்கத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள் ‘அரோகரா’ என்றார்கள்.

“அன்டில் போட்டா... பதில் சொல்லாம இழுத்தடிக்கிறோம்னு குத்திக் காட்டுற மாதிரி.”

“அதேதாங்க! அதேதாங்க!” எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டில், லேப்பில், சென்னையில் யாருக்கும் புரியாத ஒன்று, என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளப்போகிறவருக்குப் புரிந்தது.

அவர் என்னை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். “நெஜமாவே இதுக்குத்தானா?”

“முருகன் சத்தியமா இதுக்குத்தான்.”

சுகுணம்மா மெதுவாகத் தூணடியில் உட்கார்ந்தார். “இவ்ளோ யோசிக்கிறவங்களுக்கு இன்னொரு மாப்பிள்ளை பாக்க நேரம் ஏது?” என்றார். சொல்லிவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

வெங்கடேசுலு, “பாவா, உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டா?” என்று என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். “நீங்க அனுப்புற ஒவ்வொரு மெசேஜுக்கும் எங்க வீட்ல இதே கூத்துதான். போன மாசம் தோ போடறதா, ஆல்தோ போடறதான்னு ரெண்டு தடவ பால் பொங்கி வழிஞ்சுது.”

“ஏமண்டி!” என்று அதட்டினார் சுகுணம்மா. ஆனால் மறுக்கவில்லை. என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, “நான் மேக்ஸ் டீச்சர் வதினா. எங்க ஸ்கூல் இங்கிலீஷ் மேடம்கிட்ட காட்டிட்டுதான் உங்களுக்கு அனுப்புவேன். இப்ப லீவு, போன வாரம் அவங்க ஊருக்குப் போயிட்டாங்க. அதான் ஒரு வாரமா உங்களுக்குப் பதில் போடல.”

வதினா திரும்பி வந்துவிட்டது. நானும் உட்கார்ந்தேன்.

அவர் மகனுக்கு மறுபடியும் போன் போட்டார். “ஹரீஷ், தப்புடா. பையன் இல்ல... இல்லடா, கன்ஜங்ஷன்... கன்-ஜங்-ஷன்! ஆங். ரெண்டு கன்ஜங்ஷன்... உனக்குப் புரியாது, அந்தப் பொண்ணுகிட்ட அழ வேணாம்னு சொல்லு, வெச்சிடு.”

அப்போதுதான் அவர் கைக்குள் இருந்த பொட்டலம் இரண்டு பேருக்கும் ஞாபகம் வந்தது. குழந்தை எடுத்தது. முருகன் சொன்ன பதில். “பிரிக்கட்டுமா?” என்றார். “பிரிங்க வதினா” என்றேன். ஆண்கள் இருவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நாரை அவிழ்த்து, மடிப்பை ஒவ்வொன்றாக நீக்கினார்.

செவ்வரளி.

“சிவப்பு!” என்றார் சுகுணம்மா. “சிவப்பு எது?”

எடை பார்த்தேன், மடிப்பு பார்த்தேன், நாரின் முடிச்சுகூட ஒரே பக்கம் வருகிறதா என்று பார்த்தேன். சிவப்பு அன்லெஸா, அன்டிலா என்று மனசில் குறித்துக்கொள்ள மட்டும் மறந்துபோயிருந்தேன். வாழ்நாளில் நான் லேபிள் ஒட்டாமல் எடுத்த ஒரே சாம்பிள், கடவுளிடம் எடுத்தது.

“என்னக் கேக்காத” என்றார் வீட்டுக்காரர் அவசரமாக.

குழந்தை வந்து இரண்டு பொட்டலத்துப் பூவையும் வாரிக்கொண்டு, வைக்கக் கூந்தல் இல்லாததால் காதுக்கு ஒன்றாகச் செருகிக்கொண்டு போய்விட்டது.

ஆவணியில் கல்யாணம் நன்றாக நடந்தது. நகரிப் பக்கத்து உறவுக்காரர்கள் எல்லோரும் மேடைக்கு வந்து என்னைத்தான் முதலில் பார்த்தார்கள். அங்கே எனக்குப் பூக்கட்டு வதினா என்று பெயர். மருமகன் வீட்டுக்கு வந்தால், “இட்லியா தோசையா மாப்ள?” என்று நான் கேட்க வேண்டியதுதான், முகத்தை ரொம்ப மரியாதையாக வைத்துக்கொண்டு, “ரெண்டும் நல்லாத்தான் இருக்குது அத்தை. ஒண்ணு கொஞ்சம் கறாரு, இன்னொண்ணு நிதானம்” என்பார். பவித்ராவுக்கு அவர்மேல் கோபம் வந்தால், “பேசாம அந்த மிஸ்டர் அன்டிலையே கட்டிகினு இருக்கலாம்” என்பாள். அந்தக் கற்பனைப் பையனுக்கு இப்போது வேலை, சம்பளம், சொந்த வீடு எல்லாம் இரண்டு குடும்பமும் சேர்ந்து கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளையைவிட ஒரு படி மேலாகவே இருக்கிறான்.

மலைக்குப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டைரியில், ‘மலைக்குப் போனோம். சம்பந்தி வீட்டாரைத் தற்செயலாகச் சந்தித்தோம். வெயில் அதிகம்’ என்று மட்டும் எழுதினேன். மேலே எழுதக் கை வரவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை காலை, வாசல் தெளிப்பதற்கும் முன்னால், முதல் வேலையாக நகரிக்குப் போன் போட்டேன். “வதினா, பத்திரிகைய அச்சுக்குக் குடுத்துடட்டா?” என்று தெலுங்கில் கேட்டேன். “ஆங், குடுத்துடுங்க” என்று தமிழில் சொன்னார். அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. பிறகு சுகுணம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, “இருந்தாலும் எழுத்துல ஒரு வார்த்தை போட்டுடுங்க வதினா” என்றார்.

வம்பே வேண்டாம் என்று ஆங்கிலத்தில் ‘பிரின்டிங்’ என்று ஒரே ஒரு சொல்லை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. அடுத்த நிமிஷமே அவரிடமிருந்து போன்.

“வதினா, கடைசில புள்ளி வெக்கலியே. இன்னும் ஏதாச்சும் சொல்ல வர்றீங்களா?”

ஒரு புள்ளியை மட்டும் தனியாக அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் வாசல் தெளித்தேன்.